உப்பளத்துக்காரருக்கு உப்பு ஏற்றினார்கள்

என் வீட்டுக்காரருக்கு உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். உடனே சிரித்தவர் என் கொழுந்தன் ராஜபாண்டி.

"உப்பா? சார், எங்கண்ணன் பொறந்ததுல இருந்து உப்பளத்துலதான் கெடக்கான். வேட்டிய ஒதறினா ஒரு வீட்டுச் சமையலுக்கு ஆவும்."

டாக்டர் சின்ன வயசு. சிரிக்கவில்லை.

"வேட்டியில இருக்கது ரத்தத்துல இல்ல" என்றார்.

கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து டாக்டரைப் பார்த்தார்.

"லாரி வந்துட்டா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கொழுந்தன் சிரிக்கவில்லை.

இத்தனை வாரமாக எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றும் காணோமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் பேசுகிற ஆள். நான் பேசாத ஆள். அவர் பங்கை அவரே பேசிவிடுவார் என்று விட்டிருந்தேன். இந்த வாரம் எழுதுவது அவர் பேசாமல் கிடந்த கதை. அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரி தூத்துக்குடி டவுனுக்குள். பெயர் வேண்டாம். கொரோனாவுக்குப் பிந்தி வந்த ஒரு கோடை.

ஒரு பேரு, மூன்று உப்பு

எங்களுக்கு உப்பு என்றால் ஒன்றுதான். வெள்ளையாக இருக்கும். காலை அரிக்கும். வெயிலில் கண்ணைக் கூச வைக்கும். ஆஸ்பத்திரியில் உப்பு என்றால் மூன்று என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டு வரிசையில் தங்கமணி அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. அவருக்கு உப்பு கூடிவிட்டது என்றார்கள். அது கிட்னியில் கூடுகிற உப்பு. வாராவாரம் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிவிட்டு வருவார். பிறகு போகவில்லை. போவதற்கு ஆள் இல்லை.

அந்த அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. தெருமுனையில் இருக்கிற டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிரஷர் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைங்க என்றார்.

உப்பு என்கிற சொல் காதில் விழுந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு வேறு எதுவும் விழவில்லை. வீட்டுக்கு வந்து உப்பு டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தார்.

"கொறைக்கத்தான சொன்னாவ" என்றேன்.

"கொறைச்சா கொறையும். நிறுத்தினா ஒரேயடியா கொறையும்லா."

அவர் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் தட்டில் உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத குழம்பு. பகல் முழுக்க உப்பில் நின்று உப்பை வாருவார். சாயங்காலம் வந்து உப்பில்லாமல் சாப்பிடுவார். வார்டில் இதைச் சொன்னபோது எதிர்க் கட்டில்காரர் நம்பவில்லை. கருவாடும் கிடையாது என்றேன். அதையும் நம்பவில்லை.

பிரஷருக்கு எழுதின மாத்திரை மூத்திரத்தைக் கூடுதலாகப் போக வைக்கிற மாத்திரை. உப்புப் பாத்திகள் கொதிக்கிற பங்குனி. இதற்கு நடுவில் வயிற்றுப்போக்கு வந்தது.

கொழுந்தனுக்கு மில்லர்புரத்தில் தண்ணீர் கேன் வியாபாரம். அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டு ஆட்டோவில் கேன் கொண்டுவந்து இறக்கினார். "போனதுக்கு ஈடா குடிக்கணும்ணே. குடி, குடி." அவர் குடித்தார். உடம்பில் இருந்த உப்பு வேர்வையிலும் மூத்திரத்திலும் வயிற்றிலும் போய்க்கொண்டிருந்தது. வெறும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் பேச்சு குறைந்தது. வீடு அமைதியாக இருந்தது. அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் தார்ரோட்டில் நின்று, உப்பு வாருகிற பலகையால் ரோட்டை வாரிக்கொண்டிருந்தார். லாரிக்காரன் ஒருவன் இறங்கிப் பிடித்து ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனில் கூப்பிட்டான். கொழுந்தன் ஆட்டோ வந்தது. கேன்களை இறக்கிவிட்டு அண்ணனை ஏற்றினோம்.

பேர் கேட்கிற பிள்ளை

அந்த வார்டுக்கு நர்ஸ் படிக்கிற பிள்ளைகள் பழக வருவார்கள். நீல உடுப்பு, சட்டைப்பையில் கைக்கடிகாரம். எங்கள் கட்டிலுக்கு வந்த பிள்ளை பேர் பிரின்சி. பெரியதாழைக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். மெலிந்த பிள்ளை. குரல் மட்டும் காற்றுக்கு எதிரே கூப்பிட்டுப் பழகின குரல்.

அவள் மாத்திரை கொடுப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் தட்டை வைப்பாள். இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்குவாள். உதடு அசையும். ஜெபம் சொல்லுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னம்மா சொல்லுத?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஆளு சரியா, மருந்து சரியா, அளவு சரியா, எது வழியா குடுக்கணும், எப்பக் குடுக்கணும். இந்த அஞ்சும் சரியா இருந்தாத்தாம்மா கையத் தொறக்கணும். இல்லன்னா எங்க மிஸ் கொன்னுருவாவ."

விரல் மடக்கின பிறகு பேர் கேட்பாள். மாத்திரைக்கு ஒரு தடவை. ஊசிக்கு ஒரு தடவை. கையில் பேர் எழுதின பட்டை கட்டியிருந்தது. அதையும் பார்ப்பாள். பார்த்துவிட்டும் கேட்பாள்.

"அய்யா, உங்க பேரு சொல்லுங்க."

"முத்துமாலைதான" என்றார் கொழுந்தன்.

"நீங்க சொல்லாதீங்கண்ணே. அவியதான் சொல்லணும்."

"காலையில ஒருக்கா கேட்ட. அவன் பல்லு வெளக்குன பொறவு ஒருக்கா கேட்ட. ரேஷன் கடையில கூட இத்தன வாட்டி கேக்க மாட்டான். அதுக்குள்ள பேரு மாறிருமா?"

"எங்க ஊர்ல தெருவுல நின்னு சேவியர்னு கூப்பிட்டா பாதி வீடு கதவு தொறக்கும்ணே. 'நீங்க சேவியரா'ன்னு கேட்டா, காது கேக்காதவரும் ஆமாம்பாரு. அதான் நாம பேரைச் சொல்லக்கூடாது. அவியளே சொல்லணும்."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் முதல் நாள் பேரைச் சொன்னார். மெதுவாகச் சொன்னார், சரியாகச் சொன்னார். மறுநாள் காலையில் பிரின்சி விரலை மடக்கிவிட்டுக் கேட்டாள்.

"அய்யா, உங்க பேரு?"

"தங்கமணி" என்றார்.

பிரின்சி பட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தங்கமணி யாரும்மா?"

"எங்க வரிசையில நாலாவது வீட்டு அண்ணாச்சி. செத்துப் போயிட்டாவ."

மாத்திரையைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடினாள். டாக்டர் வந்தார். கண்ணில் லைட் அடித்தார். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். உப்பு இன்னும் இறங்கியிருக்கிறது, மூளை வீங்க ஆரம்பிக்கும், உடனே உப்பு ஏற்ற வேண்டும் என்றார். மூத்திர மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்.

தண்ணீரை அளந்து கொடு என்றதும் கொழுந்தன் முகம் சுருங்கிப்போனது. வாசலில் அவர் கொண்டுவந்து வைத்த கேன் இருந்தது.

"நாலாவது வீட்டுல உப்பு கூடிச் செத்தாவ" என்று பிரின்சியிடம் சொன்னேன். "இவியளுக்கும் உப்பு ஏத்துனா?"

"அந்த உப்பு வேறம்மா. கிட்னி வடிகட்டாத கழிவை நம்ம ஆளுவ உப்பும்பாங்க. பிரஷருக்குக் கொறைக்கச் சொல்லுதது சோத்துல போடுத உப்பு. இது ரத்தத்துல கரைஞ்சிருக்கது. அந்த மூத்திர மாத்திரை தண்ணியோட இதையும் சேத்து வெளிய தள்ளிரும்."

"மூணுக்கும் ஒரே பேரு வச்சா மனுசன் என்ன செய்வான்?" என்றார் கொழுந்தன். "எங்கண்ணன்கிட்ட கேக்குததுக்கு முந்தி உப்புகிட்டல்லா பேரு கேக்கணும்!"

பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது. வார்டு சிஸ்டர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

சொட்டு

உப்பு என்றால் வெள்ளையாக எதையாவது கொண்டுவருவார்கள் என்று இருந்தேன். ஒரு சின்ன பாட்டில் வந்தது. பார்க்கத் தண்ணீர். சாதாரண பாட்டிலைவிடக் கடுப்பான உப்புத் தண்ணீர் என்றாள் பிரின்சி.

இதை ஏற்றுவதற்கு ஒரு மெஷின் உண்டாம். அளவு சொன்னால் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். அன்றைக்கு அது வேறு ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் வார்டைப் பார்க்கிற பெரிய சிஸ்டர், பிரின்சியை உட்கார்ந்து சொட்டு எண்ணச் சொன்னார்.

குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மேலே உருட்டினால் சொட்டு கூடும். கீழே உருட்டினால் குறையும். பிரின்சி கடிகாரத்தைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எண்ணினாள். கொஞ்சம் உருட்டினாள். மறுபடி எண்ணினாள். பாட்டிலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, எத்தனை மணிக்கு எதுவரை இறங்க வேண்டும் என்று கோடு போட்டாள்.

ஒரு சொட்டு விழும். அடுத்தது விழுமா விழாதா என்று இருக்கும். பிறகு விழும்.

கொழுந்தனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"என்ன இது, வாசர் போன கொழாய் மாதிரி? இது எப்ப முடியும்?"

"சாயங்காலம் ஆவும்ணே."

"உப்பு இல்லாம அரை உசுரா கெடக்கான். உப்பு இந்தா தொங்குது. ஏத்த வேண்டியதுதான?"

"மெதுவாத்தான் ஏத்தணும். வேகமா ஏறுனா மூளைக்குக் கேடு. யாரும் இந்தச் சக்கரத்தத் தொட்டுறாதீங்கண்ணே."

"தொடுததுக்கு நாங்க என்ன சின்னப் புள்ளையளா?" என்றார்.

பிரின்சிக்கு அந்த ஒரு கட்டில் மட்டும் இல்லை. நடுவில் வேறு கட்டிலுக்கு ஓடுவாள், வருவாள். ஒரு தடவை வந்து பாட்டிலைப் பார்த்தவள் முகம் மாறியது. தண்ணீர் அந்த நேரத்துக்குப் போட்ட கோட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தது. பெரிய சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"எண்ணத் தெரியாதா உனக்கு? எத்தன மாசமா படிக்கே?"

"சாரி சிஸ்டர்."

மறுபடி கடிகாரத்தைப் பிடித்து எண்ணிச் சக்கரத்தைச் சரி செய்தாள். தன் எண்ணிக்கைதான் தப்பு என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மடை

கொழுந்தனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வாலிபத்தில் அவரும் உப்பளத்தில்தான் இருந்தார். தண்ணீர் விடுகிற வேலை. கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கிற உப்புத் தண்ணீர் பெரிய பாத்தியில் நிற்கும். வெயிலில் காய்ந்து கனக்கும். கனத்த பிறகு மடையைத் திறந்து சின்னப் பாத்திக்கு விட வேண்டும். அங்கே உப்பு இறங்கும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, அதுதான் வேலை. மற்ற நேரம் சும்மா நிற்க வேண்டும்.

ராஜபாண்டிக்குச் சும்மா நிற்கிறது மட்டும் வராது.

ஒரு தடவை லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. சரக்கு பத்தவில்லை. தண்ணீர் விட்டால் உப்பு சீக்கிரம் கூடும் என்று மடையை முழுக்கத் திறந்துவிட்டார். வந்தது காயாத தண்ணீர். பாத்தியில் இறங்கியிருந்த உப்பும் கரைந்துபோனது. லாரி காலியாகத் திரும்பியது. முதலாளி ஏசவில்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் கொழுந்தனுக்கு ஏச்சைவிடக் கேவலமாக இருந்தது. வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் போனார்.

போய் ஆரம்பித்ததும் தண்ணீர் வியாபாரம்தான். கேன் போட்டால் போட்ட நேரத்துக்கு வரும். மில்லர்புரத்தில் அவரைப் போல வேகமாகக் கேன் போட ஆள் கிடையாது. அண்ணன் மேல் உயிர். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எங்களுக்குச் சோறு, தங்க இடம், ஆட்டோ எல்லாம் அவர்தான். அவர் வீட்டிலிருந்துதான் தினமும் கேரியர் வந்தது.

அவர் கெட்ட ஆள் இல்லை.

யார் தொட்டது?

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்து நான் கேரியரைக் கழுவப் போனேன். திரும்பி வந்து வார்டு வாசலில் கால் வைத்தபோது கொழுந்தன் கை சக்கரத்தில் இருந்தது. குழாயில் சொட்டு இல்லை. கம்பியாகத் தண்ணீர் ஓடியது.

என்னைப் பார்த்ததும், "சும்மா கெடக்கதுக்கு ஓடட்டும் மதினி, சீக்கிரம் எந்திரிப்பாம்லா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலேயே பிரின்சி வந்துவிட்டாள். கொழுந்தன் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்.

பிரின்சி பாட்டிலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். ஒரே எட்டில் வந்து சக்கரத்தை அடைத்தாள். பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"யாரும் தொட்டீங்களா?"

"நாங்க எதுக்குத் தொடுதோம்?" என்றார் கொழுந்தன், வெளியே பார்த்துக்கொண்டு. "உன் சக்கரம் லூசா இருக்கும்."

அந்தப் பிள்ளை சுற்றிலும் பார்த்தாள். வார்டில் வேறு யாரும் பார்க்கவில்லை. சிஸ்டர் அந்தக் கோடியில் இருந்தார். காலையில்தான் ஏச்சு வாங்கியிருந்தாள். அடைத்ததோடு சும்மா இருந்திருந்தால் தண்ணீர் தானாக முடிந்த மாதிரிதான் இருக்கும்.

அவள் திரும்பி, அந்தக் கடலோரக் குரலில் கூப்பிட்டாள்.

"சிஸ்டர்! உப்பு பாட்டில் வேகமா போயிட்டு. வாங்க."

சிஸ்டர் வந்தார். டாக்டரும் வந்தார். சிஸ்டர் பிரின்சியை வாங்கு வாங்கு என்று வாங்கினார். எண்ணத் தெரியாதவள், விட்டுவிட்டுப் போனவள், நாளையிலிருந்து இந்த வார்டுக்கு வராதே. பிரின்சி தலையைக் குனிந்து நின்றாள். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத்துல இருந்து ஓடுது? இதுதான் எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யணும்னு பாக்க முடியும்."

நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவர் கழுத்து வேர்த்திருந்தது. அவர் கேரியர் என் கையில் இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவிய தொறந்தாவ" என்றேன். "நான் கேரியர் கழுவப் போனப்ப சொட்டாத்தான் விழுந்துது. வந்து பாத்தப்ப ஓடுது."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொழுந்தனும் திரும்பினார். என்னை அப்படி அவர் பார்த்தது கிடையாது.

டாக்டர் அவரிடம் போனார். சத்தம் போடவில்லை.

"காலையிலயும் தொட்டீங்களா?"

கொழுந்தன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"காலையில கொஞ்சந்தான் சார். லேசா."

சிஸ்டர் பிரின்சியைப் பார்த்தார். பிரின்சி தரையைப் பார்த்தாள். காலையில் எண்ணினது சரிதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட நேரம் இல்லை.

டாக்டர் சொன்னார். ரத்தத்தில் உப்பு மெள்ளத்தான் ஏற வேண்டும். வேகமாக ஏறினால் மூளை நரம்பு தாங்காது. பேச்சு குழறும். விழுங்க முடியாமல் போகும். கை கால் விழுந்துவிடலாம். இப்போது நன்றாகத்தான் தெரியும். வருவதாக இருந்தால் ரெண்டு மூணு நாள் கழித்துத்தான் வரும்.

"வராமலும் இருக்கலாம்லா?" என்றேன்.

"இருக்கலாம். இப்ப ஏறினதைக் கொஞ்சம் கீழ இறக்கப் பாக்குதோம். சீக்கிரமே தெரிஞ்சது நல்லதாப் போச்சு."

ரத்தம் எடுத்தார்கள். உப்பில்லாத குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொழுந்தன் எப்போது வெளியே போனார் என்று நான் பார்க்கவில்லை.

பேச்சு

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தெளிந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்தார். எதிர்க் கட்டில்காரரிடம் ஊர் கேட்டார், அவர் மருமகன் ஊரைக் கேட்டார். ஆதிச்சநல்லூர் என்றதும், "அங்கன செத்தவனுக்குக்கூடப் பானைக்குள்ள எடம் உண்டு, இங்கன உசுரோட இருக்கவனுக்குக் கட்டில் பத்தல" என்றார். வார்டு சிரித்தது.

மற்ற நேரமாக இருந்தால் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பேன். டாக்டர் சொன்னது தெரிந்ததால் சிரிக்க முடியவில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேச்சுக்கு நான் ம் போட்டிருக்கிறேன். கேட்டது இல்லை. அந்த நாட்களில்தான் கேட்டேன். என்ன சொல்லுகிறார் என்று கேட்கவில்லை. ழகரம் சரியாக வருகிறதா, சொல்லின் கடைசி தேய்கிறதா என்று கேட்டேன். கஞ்சி குடிக்கும்போது தொண்டையைப் பார்த்தேன். இருமினால் எழுந்து நின்றுவிடுவேன்.

"என்னளா, பொண்ணு பாக்க வந்த மாதிரி உத்து உத்துப் பாக்க?" என்றார்.

"சும்மாத்தான்."

நடந்தது எதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பிரின்சி மறுநாளும் வந்தாள். வராதே என்று சொன்ன சிஸ்டரே வரச் சொல்லியிருந்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். கையை அமுக்கச் சொன்னாள். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து விழுங்குவதைப் பார்த்தாள்.

"நேத்து நீ அடைச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாமேம்மா" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருந்திருக்கலாம். யோசிச்சேன்மா." தட்டைத் துடைத்தாள். "அப்புறம் இந்த அய்யாவுக்குப் பேச்சு போச்சுன்னா, நான் யாருகிட்ட போயி என்ன பேரு கேப்பேன்?"

கொழுந்தன் வார்டுக்குள் வரவில்லை. கேரியர் வந்தது. கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போவார். நான் போய் வாங்கி வருவேன். அவர் வேப்பமரத்தடியில் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பது தெரியும். நான் அவரிடம் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. சோறு மட்டும் சூடாக இருந்தது.

டாக்டர் சொன்ன நாள் ஒன்று போனது. இன்னொன்று போனது. அடுத்த நாள் காலையில் என் வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து பேசவில்லை. கண்ணை மூடிக் கிடந்தார். பிரின்சியைக் கூப்பிட வாசலுக்குப் போனேன்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"எங்களா போனான் அவன்? கூடப் பொறந்தவன் ஆஸ்பத்திரியில கெடக்கேன், எட்டிப் பாக்கல. கேன் விக்கப் போயிருப்பான், தண்ணிக்குப் பொறந்த பய! பொழைச்சேனா செத்தேனான்னு வந்து பாக்க ஒரு கழுதைக்கு நேரமில்ல!"

ழகரம் எல்லாம் சரியாக இருந்தது.

டாக்டர் வந்து காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்கிற சொல்லை நான் கழித்துக்கொண்டேன்.

நான் கேட்டுக்குப் போனேன். கொழுந்தன் ஆட்டோவை விட்டு இறங்கி நின்றார். முகத்தைப் பார்த்தால் சாப்பிட்டு நாளான மாதிரி இருந்தது.

"பேசுதாவ" என்றேன்.

"என்ன பேசுதான்?"

"உங்களத்தான் ஏசுதாவ."

"ஏசுதானா?"

"ம்."

"நல்லா ஏசுதானா?"

"ஒரு சொல்லு கொழறல."

அவர் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து என் பின்னாலேயே வந்தார்.

என் வீட்டுக்காரர் அவரைக் கண்டதும் மீதியையும் ஏசி முடித்தார். கொழுந்தன் கட்டிலுக்கு ரெண்டு முழம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"ஏம்லே அங்கன நிக்க? கிட்ட வா. போலீஸ் ஸ்டேஷன்ல நிக்க மாதிரி கையக் கெட்டிட்டு நிக்கான்."

"இருக்கட்டும்ணே. இங்கனயே நிக்கேன்."

வயிற்றுக்கு ஏதோ மருந்து கலந்து ஒரு சாதாரண பாட்டில் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் அண்ணன் முகத்தைப் பார்ப்பார், பாட்டிலைப் பார்ப்பார். திடீரென்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சிஸ்டர்! பிரின்சி சிஸ்டர்! பாட்டில் முடியப் போவுது, ஓடி வாங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார். பின்னால் கட்டின கையை எடுக்கவே இல்லை.

பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது.